மாற்றுப் பொறுப்பாளர்

ஆறு குட்டிகளின் கழுத்திலும் ஆறு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தது. முன்பணம் கொடுத்த வரிசைப்படி ஆட்கள் வந்து ஆளுக்கொரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர்களுக்கும் அதுவே பெயர். "சிவப்பு நேத்து போன் பண்ணாங்க", "பச்சைக்கு வீடு மாத்துற வேலையாம்" என்றுதான் அங்கே நாய் வளர்த்து விற்கும் நாய்க்காரம்மா பேசுவார். நான்காவதாக வந்தவருக்கு மூன்று குட்டிகள் மிச்சமிருந்தன. அவற்றில் ஒன்று தள்ளாடி வந்து அவருடைய பூட்ஸ்மேல் ஏறி, அங்கேயே தூங்கிப்போனது. அதன் கழுத்தில் நீல நூல். அவர் பத்து நிமிடம் காலை அசைக்காமல் நின்றார்.

"அப்ப நீங்க நீலம்," என்றார் நாய்க்காரம்மா.

நீலம் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்துமூன்று வருடமாக, மாடிக் கட்டடங்களின் நடுவயிற்றில் இருட்டாக ஓடும் அந்த நீளமான பொந்துக்குள் நின்று வேலை பார்த்தவர். கீழேயும் மேலேயும் மனிதர்கள் நடமாடும் சத்தம் கேட்கும். ஒருவர் முகமும் தெரியாது. அது அவருக்கு ஒத்துப்போயிற்று. இயல்பிலேயே பேச்சு குறைவு. வீட்டில் பேசுவதற்கென்று ஓர் அண்ணன் இருந்தவரை, பேச்சு குறைவு என்பது அவருக்கே தெரியாது.

நாய்க்காரம்மா ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார். நான்கு பக்கம். குட்டிக்கு ஐம்பத்தாறு நாள் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. வளர்க்க முடியாமல் போனால் எத்தனை வயதானாலும் நாய் இந்த வீட்டுக்கே திரும்பி வர வேண்டும். கொண்டுபோன மூன்றாம் நாள் நாய்க்காரம்மா போன் செய்வார், எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நீலம் தலையசைத்தார். பதினோராவது பிரிவில் நாய்க்காரம்மாவின் விரல் நின்றது.

"இதை மட்டும் சத்தமா படிங்க."

அவர் படித்தார். "வாங்குபவருக்கு நோயோ மரணமோ நேர்ந்தால் நாயை உடனே ஏற்றுக்கொள்ளக்கூடிய மாற்றுப் பொறுப்பாளர் ஒருவரைக் குறிப்பிட வேண்டும். வாங்குபவர் வீட்டின் மறுசாவி அவரிடம் இருக்க வேண்டும்."

"பேர், உறவு, விலாசம், போன் நம்பர். ரெண்டு வாரத்துல எழுதிக் கொடுங்க. நானே அவங்களைக் கூப்பிட்டுப் பேசுவேன். இது இல்லன்னா குட்டி கிடையாது. வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும். முன்பணம் திருப்பிக் கொடுத்துடுவேன்."

"அதான் உங்ககிட்டயே திரும்பி வரும்னு இருக்கே, அம்மா."

"எனக்கு எழுபது. இந்தக் குட்டிக்குப் பதினாலு வருஷ ஆயுசு. கணக்கு உதைக்குதா இல்லையா?" என்று சிரித்தவர், சிரிப்பை நடுவிலேயே விட்டுவிட்டார். "நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தருக்குக் கொடுத்தேன். நல்ல மனுஷன். தனியா இருந்தார். ஒருநாள் குளியலறையில விழுந்துட்டார். வீடு உள்பக்கம் பூட்டியிருந்துச்சு. நாய் மூணு நாள் குரைச்சிருக்கு. அக்கம்பக்கத்துல இருக்கறவங்க நாய் சத்தம் தாங்கலன்னுதான் புகார் கொடுத்திருக்காங்க. அப்பதான் கதவை உடைச்சாங்க."

அறை மூலையிலிருந்து தாய் நாய் எழுந்து வந்தது. ஏழு வயதை நெருங்கும் பழுப்பு நிறப் பெண் நாய், முகவாயில் நரை. வீட்டில் அதன் பெயர் பெரியவள். பெரியவள் நீலத்தின் பூட்ஸை ஒருமுறை நிதானமாக மோந்து பார்த்தது. குட்டி படுத்திராத மற்ற பூட்ஸின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"கிரீஸ் வாசனை போல," என்றார் நாய்க்காரம்மா. "கண்டவங்க கால்ல படுக்க மாட்டா."

*

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்று ஜன்னலோரம், அது அண்ணனுடையது. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவர். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அண்ணனுக்குப் பார்த்தபோது அமையவில்லை. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிக்குப் பார்க்க வேண்டாம் என்று தள்ளிப்போட்டதில் இருவருக்கும் வயதாகிவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பிற்பகலில், அந்த ஜன்னலோர நாற்காலியிலேயே, வாய்ப்பாட்டை மறந்த பையன் மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

நாய் வேண்டும் என்று தம்பி முன்பு இரண்டு முறை கேட்டதுண்டு. "வீட்டுல குரைக்கறதுக்கு நான் ஒருத்தன் போதாதாடா?" என்பார் அண்ணன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நீலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பினார். பெயர், வயது, தொழில். வீட்டில் மாடிப்படி உண்டா, பகலில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். கடைசி வரியையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். ஒருமுறை சரிபார்க்கலாம் என்று முதலிலிருந்து வாசித்தபோதுதான் பார்த்தார். மாற்றுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அண்ணனின் பெயர் இருந்தது. உறவு: அண்ணன். விலாசம்: மேற்படி. போன் நம்பரும் ஓர் எண் பிசகாமல் இருந்தது.

முப்பத்துமூன்று வருடமாக எந்தப் படிவத்திலும் அந்த வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறார். வேலையில் சேர்ந்த அன்று, வங்கியில், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில். கை தானாக எழுதிவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. நாயைப் பார்த்துக்கொள்ளப் போவது அண்ணனாம்! தெரிந்தால் மனிதர் டிப்போ மணியை எடுத்துத் தலையில் போட்டிருப்பார். சிரிப்பு நின்ற பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

வேறு ஒருவரை எழுதிக்கொள்ளலாம், ரெண்டு வாரம் இருக்கிறதே என்று படிவத்தை மடித்து வைத்தார்.

மறுநாள் ஆறாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றபடி உடன் வேலை பார்ப்பவனிடம் பேச்சை எடுத்தார். அந்த ஆளுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒரு பொருளைப் பார்த்துக்க முடியுமா?"

"டூல் பாக்ஸா? தாராளமாண்ணே. இப்பவே எழுதிக் கொடுங்க."

"நாய்க்குட்டி."

ஸ்பேனர் டார்ச்சைத் திருப்பி அவர் முகத்தில் அடித்தான். "என்னண்ணே, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா? டாக்டர் எதுவும் சொன்னாரா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு படிவத்துல கேக்கறாங்க."

"எங்க வீடு ரெண்டு ரூம்புண்ணே. என் கடைசிப் பயலே பெஞ்சுக்கு அடியிலதான் படுக்கறான். நாயைக் கொண்டுபோய் நின்னா, என் பொண்டாட்டி நாயை உள்ள விட்டுட்டு என்னை வெளிய கட்டிடுவா." சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு, சிரிக்காத முகத்தைக் கவனித்து, "உங்களுக்கு என்ன ஆயிடப் போகுது, விடுங்கண்ணே," என்றான். அதற்குமேல் இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

சித்தப்பா மகள் ஒருத்தி இருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை பேசுவாள்.

"நாயா? அண்ணா, நான் என் மாமியாரையே எனக்கும் நாத்தனாருக்கும் மாசத்துக்குப் பதினஞ்சு நாள்னு பங்கு போட்டு வெச்சிருக்கேன். இதுல நாய்க்கு எங்க போறது? உனக்கு இந்த வயசுல எதுக்கு இந்த வம்பு? மீன்தொட்டி வாங்கி வையேன். பார்க்க நல்லா இருக்கும், செத்தாலும் தெரியாது."

"சரிம்மா."

"கோவிச்சுக்கிட்டியா?"

"இல்லம்மா."

"நீ எப்பவும் இப்படித்தான். கோவம் வந்தாலும் சரிம்மா, வராட்டியும் சரிம்மா. பெரியண்ணன் இருந்தா ரெண்டு வார்த்தை திட்டியாவது இருப்பான்."

எதிர்வீட்டுக் கதவுவரை ஒருநாள் போனார். பதினொரு வருடமாக எதிரெதிரே குடியிருக்கிறார்கள். அழைப்பு மணிமேல் விரலை வைத்தபோது அவர்கள் பெயர் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

ரெண்டு வாரம் ஓடிவிட்டது. நீலக் குட்டி இப்போது அவர் வரும் சத்தத்துக்கே ஓடி வந்து பூட்ஸ் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தது. கடைசி நாளன்று படிவத்தைக் கொடுத்தபோது அந்த வரியை அவர் அடிக்கவில்லை. அடித்தால் அங்கே எழுத வேறு பெயர் வேண்டும்.

நாய்க்காரம்மா வாசித்துப் பார்த்தார். "அண்ணன், ஒரே வீடு. அப்ப சாவிப் பிரச்சினை இல்ல," என்று திருப்தியாக மடித்து வைத்தார். நீலம் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கட்டி முடிக்க நேரமானது.

*

அண்ணனின் போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. கேஸ் இணைப்பும் மின்சாரக் கட்டணமும் அந்த நம்பரில்தான் பதிவாகியிருந்தன என்பது ஒரு காரணம். மாதாமாதம் பணம் கட்டி, வாரம் ஒருமுறை சார்ஜ் ஏற்றி, அலமாரியில் சட்டைகளுக்கு நடுவே வைத்திருப்பார். ஒன்றரை வருடத்தில் அதற்கு ஒரு அழைப்பு வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது அலமாரிக்குள் மணி அடித்தது.

பாதி முகத்தில் நுரையோடு அப்படியே நின்றார். அண்ணன் வைத்திருந்த அதே பழைய மணி. கேட்டதும் எரிச்சல் வரும், அணைத்துத் தொலை என்று கத்தியிருக்கிறார். எட்டு முறை அடித்து நின்றது. மறுபடி எட்டு முறை. பிறகு அவருடைய போன் அடித்தது.

"உங்க அண்ணன் எடுக்கலையே?" நாய்க்காரம்மா.

"அவர் போனைப் பக்கத்துல வெச்சுக்க மாட்டாரும்மா."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். சரி, சாயங்காலம் ஆறு மணிக்குப் போடறேன். இருக்கச் சொல்லுங்க."

அன்று பகல் முழுவதும் அவர் வெளியே போகவில்லை. ஐந்து மணிக்கு அலமாரியைத் திறந்து போனை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்றரை வருடத்தில் முதல் முறை. அங்கிருந்து பார்த்தால் தெருமுனை தெரியும், பஸ் திரும்புவது தெரியும் என்பது அவருக்குத் தெரியாமலே இருந்தது. அண்ணன் ஏன் இந்த இடத்தை விட்டுக்கொடுத்ததில்லை என்று புரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

போனில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். டிப்போவிலிருந்து அழைப்பவர்கள் தம்பியிடமே பாதி விஷயத்தைக் கொட்டிவிட்டு, பிறகு "ஐயோ, தம்பியா?" என்பார்கள். அண்ணனின் பேச்சு கொஞ்சம் வேகம், கொஞ்சம் மிரட்டல். அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு நிமிடம் அப்படிப் பேசினால் போதும். ஐம்பத்தாறு நாள் முடியும் சனிக்கிழமை நீலக் குட்டி வீட்டுக்கு வந்துவிடும்.

ஆறு மணிக்குச் சரியாக அடித்தது. எடுத்தார்.

"யாரு?" என்றார் அண்ணனைப் போல.

"வணக்கங்க. நாய்க்குட்டி விஷயமா, உங்க தம்பி உங்க பேரைக் கொடுத்திருக்கார்."

"சொன்னான், சொன்னான். பேசுங்க."

"அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாயை நீங்க பார்த்துப்பீங்களா?"

"எனக்கு நாயே பிடிக்காது," என்றார். அதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. குரலைத் தொடர்ந்து வார்த்தைகளும் வந்துவிட்டன. மறுமுனையில் நாய்க்காரம்மா சிரித்தார். "ஆனா அவன் ஆசைப்பட்டு வாங்கறான். என்ன பண்றது? பார்த்துக்கத்தானே வேணும்."

"நல்லது. உங்க தம்பி எப்படி? என்கிட்ட மூணு வாரமா வந்துபோறார். இருபது வார்த்தை பேசியிருந்தா அதிகம்."

"அவன் அப்படித்தான். சின்ன வயசுலயே அப்படி. பசிச்சாக்கூடச் சொல்ல மாட்டான், நாமதான் பார்த்துப் போடணும். வேலைன்னு எடுத்தா முடிக்காம வர மாட்டான். எத்தனை மணியானாலும் நான் முழிச்சிருப்பேன், வந்து கதவைத் தட்டுவான்." போனை இறுகப் பிடித்திருந்தார். "இப்ப யாரும் முழிச்சிருக்கறதில்ல. அவனே பூட்டைத் திறந்து, அவனே விளக்கைப் போட்டுக்கறான். சாப்பிட்டானா இல்லையான்னு கேக்க ஆளில்ல. நாயாவது இருக்கட்டும்னு பார்க்கறான்."

பஸ் ஒன்று தெருமுனையில் திரும்பி, நிறுத்தத்தில் நின்று, கிளம்பிப்போனது.

"ஒரே வீடுன்னு எழுதியிருக்கே," என்றார் நாய்க்காரம்மா மெதுவாக. "நீங்க எங்க இருக்கீங்க?"

அங்கே குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும் சத்தம் கேட்டது.

"அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆச்சும்மா," என்றார் கடைசியில், தன் குரலில். "நீலம்தான் பேசறேன்."

இருவரும் போனை வைக்கவில்லை.

"பொய் கையெழுத்து போட்டவங்களைப் பார்த்திருக்கேன்," என்றார் நாய்க்காரம்மா. "செத்தவங்க குரல்ல பேசினவங்களை இப்பத்தான் பார்க்கறேன். வேற யாரும் இல்லையா?"

"கேட்டுப் பார்த்தேன். இல்ல."

"குட்டியைக் கொடுக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"சனிக்கிழமை சாயங்காலம் வந்து முன்பணத்தை வாங்கிக்குங்க. மத்தவங்க எல்லாம் போனப்புறம் வாங்க."

*

நேரம் கழித்துப் போக வேண்டும் என்றுதான் கிளம்பினார். கால் சீக்கிரம் கொண்டுபோய்விட்டது. தெருவில் நின்றிருந்த ஒரு காரின் பின் சீட்டில் இரண்டு சிறுமிகள். ஒருத்தி மடியில் நீல நூல். கார் கிளம்பும்வரை அவர் எதிர்ப்பக்கச் சுவரோரம், கரண்ட் கம்பத்தைச் சோதிக்க வந்தவர்போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார். குட்டி அவரைப் பார்க்கவில்லை. சிறுமியின் சட்டைப் பொத்தானைக் கடிப்பதில் மும்முரமாக இருந்தது.

உள்ளே தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். குட்டிகளை அடைத்திருந்த தடுப்புப் பலகைகள் மடித்துச் சுவரில் சாத்தியிருந்தன. அந்த அறை இவ்வளவு பெரியது என்று அவர் நினைத்ததில்லை. பெரியவள் மூலை மூலையாகப் போய் மோந்து பார்த்துவிட்டு, காலியான இடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

நாய்க்காரம்மா உறையை நீட்டினார். அவர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்மா," என்றார்.

"உக்காருங்க."

உட்கார்ந்தார். பெரியவள் எழுந்து வந்தது. பூட்ஸை மோந்து பார்க்கக்கூட இல்லை. நேராகத் தாடையை வைத்துப் படுத்தது.

"இவளுக்கு இதுதான் கடைசி ஈத்து," என்றார் நாய்க்காரம்மா. "இனிமே கிடையாது. ஈத்து முடிஞ்சவங்களை நான் வெச்சுக்கறதில்ல, நல்ல வீடாப் பார்த்துக் கொடுத்துடுவேன். எல்லாரையும் வெச்சுக்கிட்டா நான் கூரைமேலதான் படுக்கணும். அதோட அடுத்த பொண்ணு வளர்ந்து வர்றா, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. தினமும் பஞ்சாயத்து."

நீலத்துக்குப் புரிந்தது. "நான் குட்டிக்குத்தான் வந்தேன்மா."

"தெரியும். யாரும் இவளுக்காக வர மாட்டாங்க. குட்டியைப் பார்க்க வருவாங்க, இவளைத் தாண்டிப் போவாங்க." நாய்க்காரம்மா ஒரு புது ஒப்பந்தத்தை எடுத்தார். "இவளுக்கு இன்னும் ஆறு வருஷம். நல்லாப் பார்த்துக்கிட்டா ஏழு. எனக்கு எழுபத்தியேழு வரைக்கும் ஓடும்னு டாக்டர் சொல்றார். பதினோராவது பிரிவுல மாற்றுப் பொறுப்பாளர்னு நான் தைரியமாக் கையெழுத்துப் போடக்கூடிய நாய் இது ஒண்ணுதான். வேணும்னா பாருங்க. பாவம் பார்த்து எடுக்காதீங்க. அதை இவ கண்டுபிடிச்சுடுவா."

நீலக் குட்டி பூட்ஸ்மேல் தூங்கிய நாளை நினைத்தார். அன்று மற்ற காலில் கிடந்த பாரத்தையும் நினைத்தார். பத்து நிமிடம் குட்டிக்காக அசையாமல் நின்றதாகத்தான் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். அன்று குட்டி எழுந்து போன பிறகும், பெரியவள் படுத்திருந்த காலில் ரத்தம் ஓடாமல் மரத்துப்போகும்வரை நின்றிருந்தார். அது யாருக்காக என்று இப்போதுதான் யோசிக்கிறார்.

"பேனா இருக்காம்மா?" என்றார்.

*

முதல் இரண்டு நாள் பெரியவள் எதையும் தொடவில்லை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தது. குட்டிகளைத் தேடுகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அதைக் கூப்பிடவில்லை, தடவவும் இல்லை. ஒருவர் வீட்டுக்குள் இருக்கிறார், சும்மா இருக்கிறார் என்று அதற்குத் தெரிந்தால் போதும் என்று தன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மாலை அது ஜன்னலோர நாற்காலிக்குக் கீழே போய்ப் படுத்தது. இரவு தட்டைக் காலி செய்தது.

மூன்றாம் நாள் காலை அலமாரியில் மணி அடித்தது. பெரியவள் துள்ளி எழுந்து அலமாரிக் கதவைப் பார்த்து ஒருமுறை குரைத்தது. பிறகு அவரைப் பார்த்தது. அவர் சட்டைகளுக்குள் கையை விட்டு எடுத்துப் பேசினார்.

"அடடா, பழைய படிவத்தைப் பார்த்துப் போட்டுட்டேன்," என்றார் நாய்க்காரம்மா. "எந்த நம்பருக்குப் போட்டாலும் நீங்கதான் எடுக்கறீங்க."

"பரவாயில்லம்மா. சொல்லுங்க."

"சாப்பிட்டாளா?"

"நேத்து ராத்திரி சாப்பிட்டா."

"நீங்க?"

"நானும்தான்," என்றார்.

"இன்னும் என்கிட்ட மறுசாவி வரல. ஞாபகம் இருக்கா? ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான்."

"நாளைக்குக் கொண்டு வரேன்மா."

போனை அலமாரிக்குள் வைக்கப்போனவர் மேசைமேலேயே வைத்தார். வாசல் பக்கத்து ஆணியில் அண்ணனின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. டிப்போவில் கொடுத்த பித்தளை வில்லை கோர்த்தது, தூசி படிந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்தார். பித்தளை சாவியில் பட்டுக் கிணுகிணுத்தது.

அந்தச் சத்தத்துக்குப் பெரியவள் கதவருகே போய் நின்றுவிட்டது. வால் ஆடவில்லை. கதவையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தது.

"இன்னைக்கு இல்ல. நாளைக்குத்தான்," என்றார்.

அது நகரவில்லை. அவர் கொஞ்ச நேரம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்ஸை எடுத்து மாட்டினார்.

"சரி, வா," என்றார்.